கூறைச் சேலையோடு ஓட்டிய பந்தயக் கார்

மகனே, கார் ஸ்டார்ட் ஆகிவிட்டது, இரண்டு காபுரேற்றரும் பூட்டி, ஒற்றைக் காஸ்கற் போட்டு, சுத்தப் பெற்றோலில், நேற்றுக் காலை, திறப்பை முதல் தரம் திருப்பியதுமே!

உனக்கு அனுப்பிய வீடியோவில் சத்தம் பாதிதான் கேட்கும், போன் மைக்கின் தகுதி அவ்வளவுதான். முதலில் ஒரு இருமல், பிறகு இன்னொரு இருமல், அதற்குப் பிறகு நான்கு சிலிண்டரும் சேர்ந்து எழும்பியது. இரண்டு காபுரேற்றரும் காற்றை உறிஞ்சுகிற அந்தச் சத்தத்தை நான் கடைசியாகக் கேட்டது தொண்ணூறில், பெற்றோல் நிற்பதற்கு முதல் கிழமை. வீடியோ எடுக்க நின்ற உன் அப்பா அந்தச் சத்தத்தில் போனைக் கீழே இறக்கிவிட்டார், அதனால்தான் கடைசிப் பகுதியில் என் செருப்பு மட்டும் தெரிகிறது. அதற்கு நீ ஒரு கட்டைவிரல் படம் போட்டாய். சரி, ரொறன்ரோவில் அப்போது நித்திரை நேரம் என்று விட்டுவிட்டேன். ஆனால் விடிந்ததும் நீ அனுப்பியதை விட முடியவில்லை. "அம்மா, கலியாணத்தண்டைக்கு அந்தக் காரை வெளியிலை எடுக்காதேங்கோ. சிந்து தான் ஓடப்போறன் எண்டு நிக்கிறா. பொம்பிளை கார் ஓடிக்கொண்டு வந்து இறங்கினா சனம் சிரிக்கும். நான் வான் ஒண்டு புக் பண்ணுறன்." என் குரல் பதிவுகளை நீ கேட்பதில்லை. இந்தப் பழைய கார்ப் பிரியர்களின் பக்கத்தை மட்டும் தினமும் பார்க்கிறாய், அது எனக்குத் தெரியும். ஆகவே உனக்கும் நீ கட்டப்போகிற சிந்துஜாவுக்கும் உள்ள இந்த வழக்கில் என் பக்கத்தை இங்கேயே, எல்லாரும் பார்க்க, எழுதுகிறேன்.

முதலில் காரைப் பற்றி. இதை நீ நூறு தரம் கேட்டிருப்பாய், இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். இரண்டு கதவு, ஆயிரத்து அறுநூறு சீசீ, ஐந்து கியர், பின்சில்லு இழுக்கும் ஜப்பான் கார். கம்பனிப் பேரை எழுதவில்லை, படத்தைப் பார்த்தவர்கள் கண்டுபிடிப்பீர்கள். நெடுந்தூரப் பந்தயத்தில் ஒரு காரை ஓட்ட வேண்டுமென்றால் அதே காரைக் கடையில் சனத்துக்கும் விற்றிருக்க வேண்டும் என்பது அந்தக் காலத்து விதி. அதற்காகவே கட்டப்பட்ட வகை இது. ஆபிரிக்காவின் செம்மண் றோட்டில் ஓடுவதற்கென்று தகடுகள் சேரும் இடமெல்லாம் மேலதிகமாக ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஸ்பிரிங் உயரம், எஞ்சினுக்குக் கீழே கல் அடிக்காமல் இரும்புத் தகடு, முதல் நான்கு கியரும் நெருக்கம். பாரம் குறைவு. எஞ்சினோ பெற்றோலும் காற்றும் சேர்ந்த கலவையை இறுக்கி நெரித்து வெடிக்க வைக்கிற வகை, வேகம் அதிலிருந்துதான் வருகிறது. நான் இதையெல்லாம் இப்போது யூரியூப் பார்த்துச் சொல்லவில்லை. உன் பெரியமாமா கொழும்பிலிருந்து கொண்டுவந்த ஆங்கிலக் கார்ப் புத்தகங்களை, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, புகையிலை உலர்த்துகிற கொட்டிலில் இருந்து வாசித்தேன். யூரியூப் பிறகு வந்தது. வந்து, நான் பிழையாக விளங்கி வைத்திருந்த சிலதைத் திருத்தியது.

பெரியமாமா என் அண்ணை. கொழும்பில் படம் வரைகிற வேலை. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு, எரிந்தது போக மிஞ்சிய தன் சாமான்களை இந்தக் காருக்குள் ஏற்றிக்கொண்டு சண்டிலிப்பாய்க்கு வந்து சேர்ந்தார். வந்த அன்றே நான் அதற்குள் ஏறி இருந்துவிட்டேன். "இறங்கடி, சீற்றிலை மண் பிரளும்" என்றார். இறங்கவில்லை. ஓட்டப் பழக்கியதும் அவர்தான், அறுவடை முடிந்த புகையிலைத் தறையில், பாத்தி வரம்புகளுக்கு மேலால். எண்பத்தைந்தில் அவர் ஜேர்மனிக்குப் போகும்போது படலையில் நின்று எங்கள் ஐயாவிடம், உன் தாத்தாவிடம், சொன்னது ஒரே ஒரு விசயம்: "ஐயா, எஞ்சினிலை ஒருத்தரும் கை வைக்கக்கூடாது." சொன்னது ஐயாவிடம், பார்த்தது என்னை.

தொண்ணூறில் பெற்றோல் நின்றது. அந்தக் காலத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சண்டையால் அரசாங்கத்தின் தடை வந்ததும் யாழ்ப்பாணத்துக் கார்கள் எல்லாம் மண்ணெண்ணெய்க்கு மாறின. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட வேண்டும். எல்லாரும் பகிடி பண்ணிய கிழட்டு ஏ-போர்ட்டி இங்கிலீஷ் கார்கள் பிரச்சினை இல்லாமல் ஓடின, ஏனென்றால் அவை கலவையை மெல்லமாகத்தான் நெரிக்கும். எங்கள் கார் நெரிக்கிற நெரிப்புக்கு மண்ணெண்ணெய் தாங்காது. நேரத்துக்கு முன்னமே தானாக வெடித்து, பிஸ்டனைச் சுத்தியலால் அடிப்பதுபோல அடிக்கும். குடாநாட்டிலேயே நல்ல கார் என்று நான் நம்பியிருந்த கார் கொட்டிலில் கிடந்தது. பக்கத்து வீட்டு ஏ-போர்ட்டி புகை விட்டுக்கொண்டு சந்தைக்குப் போய் வந்தது. எனக்கு அழுகை வந்தது என்றால் நீ சிரிப்பாய், ஆனால் வந்தது. ஐயா ஒரு நாள் மண்வெட்டியைச் சுவரோடு சாய்த்துவிட்டுக் கேட்டார்: "பிள்ளை, இதை ஓட வைக்கேலாதோ?"

"ஏலும் ஐயா. ஆனா எஞ்சினைத் திறக்கவேணும். அண்ணை பேசுவார்."

"அவன் அங்கையிருந்து பெற்றோல் அனுப்பட்டும், நாங்கள் கை வைக்கேல்லை. அதுவரைக்கும் திற."

திறந்தேன். எஞ்சினின் மேல்பாகத்தைக் கழற்றி, இடைவெளியை அடைக்கிற ஒற்றைக் காஸ்கற் இருந்த இடத்தில் இரண்டு காஸ்கற்றும் நடுவில் ஒரு அலுமினியத் தகடும் வைத்து உயர்த்தினேன். நெரிக்கிற இடம் பெருத்தது, நெரிப்புக் குறைந்தது. இரட்டைக் காபுரேற்றரைக் கழற்றிவிட்டு ஏ-போர்ட்டியின் ஒற்றைக் காபுரேற்றரைப் பூட்டினேன். தகடு வெட்டித் தந்தது சந்திக் கராஜ், மற்றதெல்லாம் நான். பொறி விழுகிற நேரத்தை, அதுதான் ரைமிங், பின்னுக்குத் தள்ளினேன். பொனற்றுக்குள் ஒரு சேலைன் போத்தலைக் கட்டி அதில் பெற்றோல். பெற்றோலா மண்ணெண்ணெயா என்று மாற்றுகிற குழாய்த் திருகியைச் சைக்கிள் பிரேக் கம்பியால் உள்ளே கொண்டுவந்தேன். ஒரு பந்தயக் காரைத் தண்ணி இறைக்கிற மெஷினாக ஆக்கினேன் என்றுதான் அப்போது நினைத்தேன். கார் ஓடியது. புகை விட்டது, மேட்டில் மூச்சு வாங்கியது, ஆனால் ஓடியது. ஒரே ஒரு நிபந்தனை: நிற்பாட்டுவதற்கு முதல் பெற்றோலுக்கு மாற்றிக் கொஞ்ச நேரம் ஓட விட்டுத்தான் நிற்பாட்ட வேண்டும். மாற்றாமல் நிற்பாட்டினால் காபுரேற்றரின் கிண்ணத்துக்குள் மண்ணெண்ணெய் தங்கிவிடும். ஆறிய எஞ்சின் மண்ணெண்ணெயில் பிடிக்காது.

தொண்ணூற்றிரண்டில் உன் அப்பாவைப் பேசினார்கள். கொடிகாமம், தென்னங்காணி, சொந்தமாக ரக்ரர். பேச்சுக்கால் நடந்தபோது எனக்குத் தையல் தெரியும், பாட்டுத் தெரியும் என்றெல்லாம் சொன்னார்கள். எஞ்சின் தெரியும் என்று ஒருவரும் சொல்லவில்லை. கலியாணத்துக்கு முதல் நாள் அம்மா என் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே சொன்னா: "இஞ்சை பிள்ளை, கொடிகாமத்திலை உந்த எஞ்சின் கதையை எடுக்காதை. கார் அண்ணற்றை கார், ஓடுறது சித்தப்பா. உனக்கு ஒண்டும் தெரியாது, விளங்குதோ?" விளங்கியது. அந்த வீட்டுக்குள் போனபிறகு நான் இனி எந்தப் பொனற்றையும் திறக்கப்போவதில்லை என்பது அந்த ஒரு வசனத்தில் இருந்தது. ஆனாலும் கழற்றி வைத்த இரட்டைக் காபுரேற்றரைப் பழைய வேட்டியில் சுற்றிச் சீலைப் பெட்டியின் அடியில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது.

கலியாணம் சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டில் நடந்தது. சாப்பாடு முடிந்ததும் பெண்ணும் மாப்பிள்ளையும் மாப்பிள்ளை வீட்டுக்குக் கால்மாறிப் போக வேண்டும். பொழுது படுவதற்கு முதல் கொடிகாமத்தில் கால் வைக்கவேண்டும் என்று ஐயர் சொல்லிவிட்டார். அப்பாவின் ஆட்கள் மினிபஸ்ஸில் முன்னால் போய்விட்டார்கள். எங்கள் காருக்குப் பூமாலை கட்டி, அதற்கு மேலே வேப்பங்குழையும் கட்டியிருந்தார்கள். வெள்ளைக் கார் மேலே சுற்றுகிற ஆமி ஹெலிக்குப் பளிச்சென்று தெரியும், அதை மறைக்கத்தான் குழை, அந்தக் காலத்தில் அதுவும் ஒரு அலங்காரம். சித்தப்பா ஓட்ட, பின்சீற்றில் நானும் உன் அப்பாவும். பட்டணம் கழிந்து அரியாலை வரைக்கும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அவர் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தார். நான் குனிந்த தலை நிமிராமல் எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அரியாலையில் மரங்கள் முடிகிற இடம். அதற்கு அங்கால் நாவற்குழிப் பாலம் வரைக்கும் வெறும் வெளி, ஒதுங்க ஒரு பூவரசு கூடக் கிடையாது. அந்த இடத்தில் ஹெலிச் சத்தம் கேட்டது. சித்தப்பா கடைசி மரத்துக்குக் கீழே காரை விட்டு, அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தான் எவனும் செய்வதைச் செய்தார். எந்தப் பக்கத்தால் வருகிறது என்று காது கொடுத்துக் கேட்பதற்காக டக்கென்று எஞ்சினை நிற்பாட்டினார். மண்ணெண்ணெயிலேயே. என் வாய் வரைக்கும் வந்தது. அம்மாவின் குரலும் கூடவே வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

ஹெலி கடல் பக்கமாகத் திரும்பிப் போனது. போனதா, சுற்றி வருமா என்று ஒருவருக்கும் தெரியாது. காத்திருந்ததில் எஞ்சின் ஆறிப்போனது, பிறகுதான் சித்தப்பா திறப்பைத் திருப்பினார். பற்றரி செத்துக் கனகாலம், அது ஒரு முனகலோடு நின்றது. தள்ளத்தான் வேண்டும். அதே மரத்துக்குக் கீழே சைக்கிள்களோடு ஒதுங்கியிருந்தவர்கள் அளவெட்டி மேளக் குழுவினர், சாவகச்சேரியில் ஒரு கோயில் கச்சேரிக்குப் போகிறவர்கள். நாதஸ்வரம் ஒருவரின் தோளில், தவில் ஒருவரின் கரியரில். அவர்களும் வழியில் போன இன்னும் சிலரும் சேர்ந்து தள்ளினார்கள். முன்னுக்கு ஒரு தரம். பின்னுக்கு இழுத்துக்கொண்டு வந்து இன்னொரு தரம். சித்தப்பா இரண்டாம் கியரில் கிளச்சை விடுவார், கார் குலுங்கும், நிற்கும்.

"அண்ணை, கலியாணக் கார் எண்டு பாத்தா, உது செக்கு மாதிரி இருக்கு" என்றார் தவில்காரர், நெற்றியைத் துடைத்துக்கொண்டு.

"பெற்றோல் திறந்துதான் கிடக்கு. பிடிக்குதில்லை" என்றார் சித்தப்பா.

திறந்துதான் கிடந்தது. ஆனால் கிண்ணம் ஏற்கெனவே மண்ணெண்ணெயால் நிறைந்திருந்தால் பெற்றோல் எங்கே இறங்கும்? மிதவை மேலே நின்று வழியை அடைத்துவிடும். இன்னும் பத்துப் பேர் தள்ளினாலும் அது பிடிக்காது. பொழுது சாய்கிறது. வெள்ளைக் காரைச் சுற்றிச் சனம் கூடுகிறது, சனம் கூடுவது மேலே இருந்து பார்க்கிறவனுக்கு நல்ல அடையாளம். நான் குனிந்தபடியே, பக்கத்தில் இருந்தவருக்கு மட்டும் கேட்கச் சொன்னேன்: "கிண்ணத்துக்குள்ளை மண்ணெண்ணெய் நிக்குது."

உன் அப்பா திரும்பினார். "என்ன?"

எங்கள் குடும்ப வாழ்க்கையின் முதல் உரையாடல் இதுதான், மகனே. "காபுரேற்றர்க் கிண்ணம். அதை வடிச்சாத்தான் பெற்றோல் இறங்கும்."

"உமக்கெப்பிடித் தெரியும்?"

"நான்தான் உதைப் பூட்டினனான்."

 பேச்சுக்காலில் சொல்லாததெல்லாம் இப்போது வெளியே வந்துவிட்டது, இனி என்ன கேட்பாரோ என்று நினைத்தேன். ஏன் பூட்டினீர் என்று கேட்கலாம். ஆர் விட்டவை என்று கேட்கலாம். அவர் கேட்டது: "ஆணி எந்தப் பக்கம்?"

இறங்கினார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பொனற்றுக்குள் குனிந்தார். குனிந்தவர் அங்கிருந்தே உரத்துக் கேட்டார்: "இஞ்சாரும், அடியிலை இருக்கிற பித்தளை ஆணியோ, பக்கத்திலை இருக்கிறதோ?" றோட்டில் நின்றவர்கள் எல்லாரும் காருக்குள் பார்த்தார்கள். சித்தப்பாவின் முகம் எப்படிப் போனதென்று சொல்லமாட்டேன், அவருடைய பேரப்பிள்ளைகளும் இந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள்.

"மாப்பிள்ளை பொம்பிளையைக் கேட்டு ஆணி கழட்டுறார்" என்றார் ஒருவர்.

"ஆரைக் கேட்டெண்டாலும் கழட்டட்டும், எங்கடை முதுகு போட்டுது" என்றார் தவில்காரர்.

இனிக் குனிந்து இருந்து என்ன பிரயோசனம்? கூறைச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் இறங்கினேன். அடி ஆணியைக் கழற்ற மண்ணெண்ணெய் வடிந்தது, ஆணியைத் திரும்பப் பூட்டப் பெற்றோல் இறங்கியது. தள்ளினார்கள், பிடித்துவிட்டது. எல்லாரும் கையைத் தட்டிக்கொண்டு விலகினார்கள். தவில்காரர் மட்டும் விலகாமல் தலையைச் சாய்த்துக் கேட்டார். "பிள்ளை, நாலு அடியிலை ஒரு அடி விழேல்லை" என்றார். அவர் சொன்னது சரி. ஒரு பிளக் மண்ணெண்ணெயில் நனைந்து கிடந்தது. ஒவ்வொரு வயராக இழுத்துப் பார்த்து எதுவென்று பிடித்தேன். இப்போது கிண்ணத்தில் பெற்றோல், ஆகவே பயமில்லாமல் நிற்பாட்டி, பிளக்கைக் கழற்றினேன். துடைக்கத் துணி இல்லை. உன் அப்பா தோளில் கிடந்த சால்வையை எடுத்து நீட்டினார். "இது கலியாணச் சால்வை" என்றேன். "கலியாணம் முடிஞ்சுதுதானே" என்றார். அலுமாரியில் நீ பார்த்திருக்கிற அந்தக் கறுப்புக் கறைக்கு இதுதான் காரணம். ஓமக் கரி என்று சின்ன வயதில் உனக்குச் சொன்னது சும்மா.

திரும்பத் தள்ளி, நான்கு அடியும் விழுந்தது. ஆனால் சித்தப்பா ஸ்டியரிங்கைப் பிடிக்க மறுத்துவிட்டார். "நான் உந்த வெளியிலை ஓடமாட்டன். நடுவிலை திரும்ப நிண்டா ஆர் தள்ளுறது? ஹெலி வேறை. பொழுது படட்டும்." அதிலும் நியாயம் இருந்தது. மண்ணெண்ணெயில் அந்த வெளியைக் கடந்தால் எருமை மாதிரித்தான் போகும். போத்தலில் இருந்த பெற்றோல் எவ்வளவு தூரம் காணும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அதைக் கட்டியது நான். "பாலம் வரைக்கும் பெற்றோலிலேயே ஓடலாம்" என்றேன். "ஆர் ஓடுறது?" என்றார் சித்தப்பா. உன் அப்பாவுக்கு ரக்ரர் மட்டும்தான் ஓடத் தெரியும். அவர் என்னைப் பார்த்தார்.

"நீர் ஓடுவீரோ?"

"ஓம்."

"அப்ப ஏறும்."

ஏறுவதற்கு முதல் டிஸ்ரிபியூட்டரை ஒரு விரல் அளவு முன்னுக்குத் திருப்பினேன். பெற்றோலுக்குப் பொறி அங்கேதான் விழவேண்டும். உன் அப்பா முன்சீற்றில் எனக்கு இடப்பக்கம், சித்தப்பா பின்னால் முருகன் பேரோடு. இனி நான் சொல்லப்போவதை எத்தனையோ பேர் எத்தனையோ காரில் அனுபவித்திருப்பார்கள், எனக்கு அது ஒரு தரம்தான். அந்த றோட்டில் தார் என்று ஒன்று இருந்த அடையாளம் மட்டுமே இருந்தது. ஷெல் விழுந்த பள்ளம், மழை அரித்த ஓரம், இடையில் சரளைக் கல். வேறு எந்தக் காரும் அதில் உருண்டுதான் போகும். ஆனால் என் கார் கட்டப்பட்டதே அப்படிப்பட்ட றோட்டுக்குத்தான். மூன்றாம் கியரில் மிதித்தபோது பின்பக்கம் சரளையில் மெல்ல வழுக்கியது. நான் ஸ்டியரிங்கை வழுக்கிய பக்கம் கொஞ்சம் திருப்பிவிட, தானாக நேராகியது. பள்ளத்தில் சில்லு இறங்கி ஏறியது, உடம்பு குலுங்கவில்லை, கீழ்த் தகட்டில் கல் அடிக்கிற சத்தம் மட்டும் பறை மாதிரிக் கேட்டது. இரண்டு காஸ்கற், ஒற்றைக் காபுரேற்றர், பாதி பலம் என்று நான் ஒதுக்கித் தள்ளிவிட்ட கார். எஞ்சினின் நெரிப்பைத்தான் நான் குறைத்திருந்தேன். ஸ்பிரிங்கையும் கீழ்த் தகட்டையும் மேலதிகமாக ஒட்டிய இடங்களையும் நான் தொடவில்லை, அவை அப்படியே இருந்தன. ஒரு காரின் திறமை எஞ்சினில் மட்டும் இல்லை என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. உனக்கும் சொல்கிறேன், நீ வாங்கியிருக்கிற புதுக் காரின் குதிரைவலுவை மட்டும் எனக்கு எழுதி அனுப்பாதே. கீழே குனிந்து பார்.

பாலம் தெரிந்தபோது சித்தப்பா பின்னாலிருந்து "மெல்ல, பிள்ளை" என்றார். உன் அப்பா ஒரு கையால் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு, பாலத்தில் ஏறியபின் கேட்டார்: "இப்ப மண்ணெண்ணெய்க்கு மாத்துறதோ?" நான் சொல்லிக்கொடுக்காமலே பிரேக் கம்பியை இழுத்தார். ஹெலி திரும்பி வரவில்லை.

சாவகச்சேரி தாண்டியதும் நான் காரை ஓரம் கட்டினேன், இந்த முறை பெற்றோலுக்கு மாற்றிக்கொண்டு. "இனிச் சித்தப்பா ஓடட்டும். உங்கடை வீட்டுக்காரர் பாக்கக்கூடாது" என்றேன். அந்த இடத்தில் நான் பின்சீற்றுக்குப் போயிருந்தால், மகனே, நேற்று இந்தக் கார் ஸ்டார்ட் ஆகியிருக்காது. ஏதோ ஒரு மழையில் துருப்பிடித்து இரும்புக்காரனிடம் போயிருக்கும். அப்பா இறங்கவில்லை. "ஏன்?" என்றார்.

"சனம் சிரிக்கும்."

"சிரிச்சா நானும் சேந்து சிரிக்கிறன். நீரே கொண்டுபோய் நிப்பாட்டும். எங்கடை ஒழுங்கை ஒடுக்கம், மதகிலை பாத்துத் திருப்பும்."

திருப்பினேன். படலையில் அப்பம்மா ஆராத்தித் தட்டோடு நின்றா. கார் நின்றதும் வழக்கப்படி பின்சீற்று யன்னலுக்குப் போய்க் குனிந்தா, உள்ளே சித்தப்பா வேர்த்துப்போய் இருந்தார். இடப்பக்கக் கதவைப் பார்த்தா, தன் மகன் இருந்தார். "தம்பி, பொம்பிளை எங்கை?" என்று கேட்டா.

"ஸ்டியரிங்கிலை இருக்கிறா, அம்மா."

அப்பம்மா தட்டில் எரிந்த கற்பூரத்தைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, மினிபஸ்ஸில் வந்து கூடிநின்ற சனத்தைப் பார்த்தா. சனம் சிரித்தது, அதை நான் மறைக்கவில்லை. உன் அப்பாவும் சொன்னபடி சேர்ந்து சிரித்தார். அப்பம்மா, "அப்ப நான்தான் பிழையான பக்கம் நிக்கிறன்" என்று சொல்லிவிட்டு, பொனற்றைச் சுற்றிக்கொண்டு என் பக்கக் கதவுக்கு வந்து ஆராத்தி எடுத்தா. அடுத்த நாள் சீலைப் பெட்டியை அடுக்கும்போது வேட்டிச் சுருளை அவிழ்த்துவிட்டு, "இதென்ன பிள்ளை, சோடிக் குத்துவிளக்கோ?" என்று கேட்டா. காபுரேற்றர் என்றேன். "அப்ப சாமியறை சரிவராது" என்று அவவே ஒரு பிஸ்கற் ரின் தேடித் தந்தா. நேற்றுப் பூட்டியது அந்த ரின்னிலிருந்து எடுத்ததுதான்.

தொண்ணூற்றைந்தில் வலிகாமத்துச் சனம் முழுவதும் சண்டைக்கு இடம்பெயர்ந்து அதே பாலத்தால் கொடிகாமம் பக்கம் வந்தபோது, உன்னை மடியில் வைத்துக்கொண்டு அப்பா பக்கத்தில் இருக்க, நான் நாவற்குழி வரைக்கும் போய் நடக்க மாட்டாதவர்களை ஏற்றி ஏற்றி வந்தேன். அப்போது அந்தக் கார் நடக்கிற வேகத்தில்தான் ஓடியது, அதையும் செய்தது. பெரியமாமாவுக்கு நெடுநாளைக்குப் பிறகு ரெலிபோன் கிடைத்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "எஞ்சினிலை கை வைச்சனியோ?" ஓம் என்றேன். "ஓடுதோ?" ஓடுது என்றேன். "அப்ப சரி, வை" என்றார்.

இவ்வளவும் ஏன் எழுதுகிறேன் என்று நீ கேட்பாய். சிந்துஜா போன மாதம் இங்கே வந்து நின்றபோது எங்கள் தென்னங்காணிக்குள் காரை ஓட்டிப் பார்த்தவள். கிளச்சை விடுகிற கால் அவளுக்கு நல்ல கால். நேற்று வீடியோவைப் பார்த்துவிட்டு அவள் கட்டைவிரல் போடவில்லை, "அன்ரி, ரைமிங் எவ்வளவிலை வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டாள். உன் அப்பாவுக்கு அன்றைக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆணி எந்தப் பக்கம் என்று கேட்க மட்டும் தெரிந்திருந்தது. நீ வானைப் புக் பண்ணு, அதில் மாமா மாமிமார் வரட்டும். நான் அவளிடம் திறப்பைக் கொடுத்துவிட்டேன், அதைத் திரும்ப வாங்கமாட்டேன். நீ எங்கே ஏறுவது என்பதை நீதான் முடிவு பண்ணவேண்டும். முன்சீற்றில் இடப்பக்கம் இடம் இருக்கிறது, கொஞ்சம் மண்ணெண்ணெய் மணக்கும்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அரியாலையில் கடைசி மரத்துக்குக் கீழே, வேப்பங்குழை கட்டிய வெள்ளைக் கலியாணக் காரைத் தள்ளியவர்கள் யாராவது இருந்தால், அல்லது அவர்களின் பிள்ளைகள் இருந்தால், முக்கியமாகக் கரியரில் தவில் கட்டியிருந்த அந்த அளவெட்டிக்காரரைத் தெரிந்தவர்கள் இருந்தால், இதை அவர்களுக்குச் சேருங்கள். பெயர் கேட்க மறந்துபோனோம். ஆவணியில் கொடிகாமத்தில் கலியாணம், இலை போட்டு வைத்திருப்போம். பற்றரி புதிது, தள்ளத் தேவை வராது. ஆனாலும் நான்கு அடியும் சரியாக விழுகிறதா என்று கேட்டுச் சொல்ல ஒரு காது வேண்டும்.

மகனே, உனக்கு ஒரே ஒரு கேள்வி, இதற்காவது கீழே பதில் போடு. அன்றைக்குப் படலையில் தட்டோடு நிற்கப்போவது நான். சிந்துவுக்கு எந்தக் கதவால் ஆராத்தி எடுக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். உனக்கு நான் எந்தப் பக்கம் வரவேண்டும்?